நிரல் எங்கே ஓடுகிறது? இணையதளச் செருகுநிரல்களுக்கு ஓர் அறிமுகம்

புதிதாக ஓர் இணையதளத்தை அமைத்தவருக்குச் சில நாள்களிலேயே ஆசைகள் முளைக்கத் தொடங்கும். படத்தைத் தொட்டால் அது பெரிதாக விரிய வேண்டும், வாசகர் எழுதி அனுப்ப ஒரு படிவம் வேண்டும், தளத்துக்குள் தேட ஒரு பெட்டி வேண்டும். இவை ஒவ்வொன்றையும் தானே எழுதிக்கொண்டிருக்க முடியாது என்பதால், "அதற்குத்தான் பிளகின் இருக்கிறதே, போட்டுவிடுங்கள்" என்ற யோசனை யாரிடமிருந்தாவது வந்து சேரும். பிளகின் என்றும் செருகுநிரல் என்றும் சொல்லப்படுவது, ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு மென்பொருளின் மூல நிரலில் கைவைக்காமல், அதற்கென்று விடப்பட்டுள்ள இடத்தில் பொருத்திக் கூடுதல் வேலை வாங்கும் ஒரு நிரல் தொகுப்பாகும். அதை நிறுவுவது எளிது, இரண்டு சொடுக்குகளில் முடிந்துவிடும். ஆனால் நிறுவுவதற்கு முன்பு கேட்க வேண்டிய ஒரு கேள்வியைப் புதியவர்கள் பெரும்பாலும் கேட்பதில்லை: இந்த நிரல் யாருடைய கணினியில் ஓடப்போகிறது?

மற்றவை எல்லாம் அந்த விடையிலிருந்துதான் கிளைக்கின்றன. ஒரு செருகுநிரல் தளத்தை மெதுவாக்குமா, அதை வாசகர் ஏமாற்ற முடியுமா, அது பழுதானால் ஒரு படம் மட்டும் விரியாமல் போகுமா அல்லது முழுத் தளமும் வெற்றுத் திரையாகிவிடுமா என்பனவெல்லாம் அது ஓடும் இடத்தைப் பொறுத்தவை.

இரண்டு கணினிகள், ஒரே பக்கம்

வாசகர் ஒரு முகவரியைத் தட்டச்சு செய்து என்டர் விசையை அழுத்தியதும், அவருடைய உலாவி, அந்தத் தளத்தை வைத்திருந்து கேட்பவர்களுக்கு அனுப்பும் கணினியான சர்வருக்கு ஒரு கோரிக்கையை அனுப்புகிறது. சர்வரில் பி.எச்.பி. போன்ற ஒரு மொழியில் எழுதப்பட்ட நிரல் அப்போது ஓடத் தொடங்கி, தரவுத்தளத்திலிருந்து கட்டுரையை எடுத்து, வார்ப்புருவில் பொருத்தி, அதை உலாவி படிக்கும் பக்க மொழியான ஹெச்.டி.எம்.எல்.-இல் முழு ஆவணமாகக் கட்டி அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடுகிறது. இதில் எதையும் வாசகர் பார்ப்பதில்லை, விளைவு மட்டுமே அவரிடம் வந்து சேர்கிறது. அதன் பிறகுதான் இரண்டாம் கட்டம். வந்த ஆவணத்தை உலாவி மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டு வருகையில், அதில் குறிப்பிடப்பட்டுள்ள ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளைத் தனியே வரவழைத்து, வாசகரின் கருவியிலேயே, அவருடைய நினைவகத்தையும் பேட்டரியையும் செலவழித்து இயக்குகிறது. முதல் கட்டத்தில் ஓடுவதை சர்வர் பக்க நிரல் என்றும், இரண்டாம் கட்டத்தில் ஓடுவதை உலாவிப் பக்க நிரல் என்றும் சொல்கிறோம்.

இந்த இரண்டு பக்கங்களிலும் இன்று பெரிதும் வழங்கும் மொழிகள் ஒரே ஆண்டில் வெளிப்பட்டவை. 1993-இல் சி.ஜி.ஐ. என்ற ஏற்பாடு வந்தபோதே சர்வரில் நிரலை ஓட்டிப் பக்கம் தயாரிக்கும் வழக்கம் தொடங்கிவிட்டது. ஆனால் ராஸ்மஸ் லெர்டார்ஃப் தன் சொந்தப் பக்கத்துக்காக எழுதி வைத்திருந்த சிறு கருவிகளை பி.எச்.பி. என்ற பெயரில் பொதுவில் வெளியிட்டது 1995 ஜூனில். அதற்கு முந்தைய மாதம், உலாவி தயாரித்துவந்த நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் 10 நாள்களில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதி முடித்திருந்தார். அந்த அவசரத்தில் விழுந்த சில கோணல்கள் இன்றும் அம்மொழியில் நிமிராமல் இருப்பது தனிக்கதை.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் பார்க்க ஒரு சிறு சோதனை போதும். ஒரு பக்கத்தில் "இப்போது மணி" என்று இரண்டு வரிகளை வையுங்கள். முதல் வரியில் நேரத்தை எழுதுவது பி.எச்.பி. ஆகவும், இரண்டாம் வரியில் எழுதுவது ஜாவாஸ்கிரிப்ட் ஆகவும் இருக்கட்டும். பக்கத்தைத் திறந்தால் இரண்டிலும் நேரம் தெரியும், ஆனால் பல மணி நேர வித்தியாசம் இருந்தாலும் வியப்பில்லை. முதலாவது, சர்வரின் கடிகாரம் காட்டும் நேரம். சர்வர்கள் பலவும் உலகப் பொது நேரத்துக்கு அமைக்கப்பட்டிருக்கும். இரண்டாவது, வாசகரின் கருவி காட்டும் நேரம். அவருடைய கைப்பேசியில் தேதி தவறாக இருந்தால் இந்த வரியும் தவறாகவே இருக்கும். சிறிது காத்திருங்கள். ஜாவாஸ்கிரிப்டை நொடிக்கொரு முறை ஓடும்படி எழுதியிருந்தால் இரண்டாம் வரி நகர்ந்துகொண்டே இருக்கும். முதல் வரி, பக்கம் தயாரான கணத்தில் எழுதப்பட்டதோடு சரி, அசையாது. இனி வலச்சொடுக்கிட்டுப் பக்கத்தின் மூலத்தைப் பாருங்கள். முதல் வரியில் நேரம் வெறும் எழுத்தாக இருக்கும், அதை எழுதிய பி.எச்.பி. கட்டளையின் சுவடே இருக்காது. இரண்டாம் வரியில் நேரம் இருக்காது, அதை எழுதச் சொல்லும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டளை முழுதும் வெட்டவெளிச்சமாகக் கிடக்கும்.

இதோடு, ஒரு முறை தயாரித்த பக்கத்தைச் சேமித்து வைத்து அடுத்தடுத்து வருவோருக்கு அதையே கொடுக்கும் கேஷ் செருகுநிரல் ஒன்றையும் போட்டுப் பாருங்கள். காலை 8 மணிக்குத் தயாரான பக்கம் நண்பகல் வரை எல்லாருக்கும் "மணி 8" என்றே சொல்லும். தளத்தின் வேகத்தைக் கூட்ட கேஷ் செருகுநிரலைப் போட்டவர்கள், அதன் பிறகு இன்னொரு செருகுநிரல் பழைய தகவலையே காட்டிக்கொண்டிருப்பதாகப் புகார் சொல்வதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். ஆளுக்கு ஆள் மாறுவதையும் கணத்துக்குக் கணம் மாறுவதையும் சேமிப்பில் சிக்காத வழியில் தர வேண்டும், எல்லாருக்கும் ஒன்றாக இருப்பதை சர்வரே எழுதித் தருவது நல்லது.

இங்கே இரண்டு குழப்பங்களைத் தீர்த்துவிடலாம். ஒரு காலத்தில் பிளகின் என்றாலே வாசகர் தன் உலாவியில் நிறுவிக்கொள்ளும் ஃபிளாஷ் போன்றவற்றையே குறித்தது. ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிவுக்கு வந்தது. இன்று தளத்துக்குப் போடப்படும் செருகுநிரல்களுக்காக வாசகர் எதையும் நிறுவ வேண்டியதில்லை. மற்றொன்று, ஜாவாஸ்கிரிப்ட் என்ற பெயரைப் பார்த்ததும் உலாவி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே ஓட்டும் நோட்.ஜேஎஸ்-ஐ 2009-இல் ரயன் டால் அறிமுகப்படுத்திய பிறகு அம்மொழி சர்வரிலும் பரவலாக ஓடுகிறது. மொழியின் பெயரை வைத்து ஓடும் இடத்தைத் தீர்மானிக்க இயலாது.

செருகும் இடம்

தொடக்கத்தில் எனக்குப் பெரும் புதிராக இருந்தது, எங்கோ யாரோ எழுதிய ஒரு கோப்பைத் தளத்தின் ஒரு கோப்புறையில் கொண்டுபோய் வைத்ததும், அது எப்படிச் சரியாகக் கட்டுரையின் அடியிலோ தலைப்பின் அருகிலோ போய் உட்கார்ந்துகொள்கிறது என்பதுதான். விடை, முதன்மை மென்பொருளை எழுதியவர்கள் அதன் ஓட்டத்தில் ஆங்காங்கே விட்டுவைத்திருக்கும் கொக்கிகளில் இருக்கிறது. இணையதளங்களை நடத்த உதவும் மென்பொருளாக 2003-இல் வெளியான வேர்ட்பிரஸ், 2004-இல் தன் 1.2 பதிப்பில் செருகுநிரல்களுக்கு இடம் கொடுத்தது. அதில் கொக்கிகள் இரண்டு வகைப்படும். "இந்த இடத்துக்கு வந்துவிட்டேன், யாருக்காவது ஏதேனும் செய்ய வேண்டுமா?" என்று கேட்பது ஒரு வகை. இதற்கு ஆக்ஷன் என்று பெயர். "இந்த உரையைத் திரைக்கு அனுப்பப்போகிறேன், யாராவது மாற்ற வேண்டுமானால் மாற்றித் திருப்பிக் கொடுங்கள்" என்பது மற்றொரு வகை. இதற்கு ஃபில்டர் என்று பெயர்.

ஃபில்டரைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். கட்டுரையின் மேலே "படிக்க 4 நிமிடம் ஆகும்" என்று காட்டும் ஒரு சிறு செருகுநிரலை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். கட்டுரையின் உரை வெளியே போகும் வழியில் உள்ள கொக்கியில் நம் செயற்கூறை, அதாவது ஒரு வேலையைச் செய்து முடிக்கும் நிரல் துண்டை, பதிவு செய்கிறோம். உரை நம் கைக்கு வருகிறது. நிமிடத்துக்கு 200 சொற்கள் என்று நாமே ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, சொற்களை எண்ணி, வகுத்து, ஒரு வரியை எழுதி, உரையின் தலையில் ஒட்டி, திருப்பிக் கொடுக்கிறோம். பத்து வரிகூட ஆகாத இந்த வேலையில் புதியவர்கள் விழும் குழிகள் இரண்டு. ஒன்று, திருப்பிக் கொடுக்க மறப்பது. வாங்கிய உரையைத் திருப்பித் தராவிட்டால் கட்டுரை முழுதும் காணாமல் போய்விடும். தலைப்பு இருக்கும், அடிக்குறிப்பு இருக்கும், நடுவில் வெற்றிடம். இரண்டாவது, சொற்களை எண்ண பி.எச்.பி.-யில் ஆயத்தமாக உள்ள செயற்கூறை நம்புவது. அது ஆங்கில எழுத்துகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. தமிழ்ச் சொற்களை அது சொற்களாகவே கருதுவதில்லை. ஆகவே எவ்வளவு நீளமான தமிழ்க் கட்டுரைக்கும் "படிக்க 0 நிமிடம்" என்று காட்டும் விந்தையைக் காணலாம். இடைவெளிகளை வைத்து உரையைத் துண்டாக்கி எண்ணினால் தீர்ந்தது.

ஒரே கொக்கியில் பல செருகுநிரல்கள் தொங்கலாம். எது முன், எது பின் என்பதை ஓர் எண் தீர்மானிக்கிறது. வேர்ட்பிரஸில் எதுவும் சொல்லாவிட்டால் அந்த எண் 10, சிறிய எண் கொண்டது முதலில் ஓடும். தனித்தனியே நன்றாக இயங்கும் இரண்டு செருகுநிரல்கள் சேர்ந்தவுடன் முரண்டு பிடிப்பதற்கு இந்த வரிசைக் குழப்பம் ஒரு காரணமாக இருக்கலாம்.

உலாவிப் பக்கத்தில் கொக்கி என்று தனியாக எதுவும் வேண்டியதில்லை. பக்கம் முழுவதும் ஜாவாஸ்கிரிப்டுக்குத் திறந்தே கிடக்கிறது. எந்த உறுப்பையும் தேடிப் பிடித்து மாற்றலாம், சொடுக்கு, நகர்வு, தட்டச்சு என எந்த நிகழ்வுக்கும் காதுகொடுத்துக் காத்திருக்கலாம். 2006-இல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேகுவரி என்ற நூலகம் (ஆயத்த நிரல்களின் தொகுப்பு) இதை மிக எளிதாக்கியதோடு, தன்மேலேயே பிறர் புதுச் செயற்கூறுகளை ஏற்றிக்கொள்ளவும் வழி செய்தது. படத்தொகுப்பு, நாள்காட்டி, அட்டவணை வரிசைப்படுத்தல் என்று ஒரு தலைமுறைச் செருகுநிரல்கள் அதன் தோளில் வளர்ந்தன. இங்கே நேரும் பிழைகளும் அலாதியானவை. ஜேகுவரி வந்து சேர்வதற்கு முன்பே அதை நம்பியுள்ள செருகுநிரல் ஓடத் தொடங்கினால், ஜேகுவரியைச் சுருக்கமாக அழைக்கப் பயன்படும் டாலர் குறி என்றால் என்னவென்றே தெரியவில்லை என்ற சிவப்பு வரி, பிழைகளைக் காட்டும் உலாவியின் கன்சோலில் விழும். ஜேகுவரி ஒழுங்காக வந்த பிறகும் வேர்ட்பிரஸ் தளத்தில் அதைப் போன்ற ஒரு வரி விழலாம். மற்ற நூலகங்களோடு மோதக் கூடாது என்பதற்காக வேர்ட்பிரஸ் அந்த டாலர் குறியை விட்டுக்கொடுத்துவிட்டு, ஜேகுவரி என்று முழுப் பெயரால் அழைத்தால் மட்டுமே பதில் தரும்படி அமைத்திருப்பதுதான் காரணம். இணையத்தில் கிடைத்த ஐந்து வரியை அப்படியே ஒட்டிவிட்டு அரை நாளைத் தொலைப்பவர்களுக்கு இந்த ஒரு தகவல் உதவக்கூடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு முரணையும் சொல்லிவிட வேண்டும். முன்பு செருகுநிரல் தேவைப்பட்ட பல வேலைகளை உலாவியே இப்போது செய்துவிடுகிறது. சொடுக்கினால் விரியும் பத்தி, தேதியைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி, மேலெழும் உரையாடல் பெட்டி, திரைக்கு அருகே வரும்போது மட்டும் படத்தை இறக்குவது ஆகிய அனைத்தும் ஹெச்.டி.எம்.எல்.-இலேயே உள்ளன. ஒரு சொல்லில் முடியும் வேலைக்கு நூறு கிலோபைட் நிரலை ஏற்றும் தளங்கள் இன்னும் ஏராளம்.

படிவம்

இரு பக்கங்களின் இயல்பும் மிகத் தெளிவாகத் தெரியும் இடம் படிவம் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம். பெயர், மின்னஞ்சல், செய்தி என்று மூன்று பெட்டிகள் கொண்ட ஒரு தொடர்புப் படிவத்தில், உலாவிப் பக்கச் செருகுநிரல் ஒன்று காவலுக்கு நிற்கிறது. மின்னஞ்சலில் அட் குறி இல்லாவிட்டால் உடனே பெட்டியைச் சிவப்பாக்கும், செய்தி காலியாக இருந்தால் அனுப்பும் பொத்தானை மங்கலாக்கும். வாசகருக்கு இது பெரிய உதவி. அனுப்பிவிட்டுக் காத்திருந்து, பக்கம் திரும்பி வந்த பிறகு தவறைத் தெரிந்துகொள்ளும் எரிச்சல் இல்லை.

ஆனால் அந்தக் காவலாளி நிற்பது வாசகரின் வீட்டுக்குள். உலாவியின் டெவலப்பர் கருவியைத் திறந்து, மங்கலாக இருக்கும் பொத்தானின் மீது நின்று, அதை முடக்கி வைத்திருக்கும் அந்த ஒரு சொல்லை அழித்துவிட்டால் பொத்தான் உயிர்பெற்றுவிடும். ஜாவாஸ்கிரிப்டையே அணைத்துவிடலாம். உலாவியே இல்லாமல் கட்டளை வரியிலிருந்து நேராக சர்வருக்கு எதை வேண்டுமானாலும் அனுப்பலாம், எரிதம் (ஸ்பேம்) அனுப்பும் நிரல்கள் அப்படித்தான் செய்கின்றன. ஒரு விற்பனைத் தளத்தில் பொருளின் விலை கண்ணுக்குத் தெரியாத பெட்டியில் எழுதப்பட்டு, அந்த விலையை சர்வர் அப்படியே நம்பி ஏற்றுக்கொண்டால், வாசகர் தான் விரும்பிய விலையை எழுதி அனுப்பிவிடலாம். ஆகவே உலாவியில் செய்யும் சரிபார்ப்பு மரியாதைக்கு, சர்வரில் செய்யும் சரிபார்ப்புதான் பாதுகாப்புக்கு. இரண்டும் ஒரே வேலையைத் திரும்பச் செய்வதுபோலத் தோன்றினாலும் எதையும் விட்டுவிட முடியாது.

சர்வர் பக்கச் செருகுநிரல் இன்னும் இரண்டு கடமைகளைச் செய்கிறதா என்று பார்க்க வேண்டும். வாசகர் எழுதியதைத் தரவுத்தளத்துக்கான எஸ்.க்யூ.எல். கட்டளையோடு சேர்த்து ஒட்டிவிடாமல், கட்டளையைத் தனியாகவும் மதிப்பைத் தனியாகவும் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் வாசகர் எழுதியதே கட்டளையாக மாறித் தரவுகளை அள்ளிக்கொண்டு போய்விடும். அதைத் திரும்பத் திரையில் காட்டும்போது, கோண அடைப்புக்குறி போன்றவற்றைத் தீங்கற்ற எழுத்துகளாக மாற்றிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் எழுதி அனுப்பிய ஜாவாஸ்கிரிப்ட், அடுத்து அதைப் படிக்க வருபவரின் உலாவியில் ஓடத் தொடங்கிவிடும்.

இரு பக்கமும் சரிபார்த்தால் மட்டும் போதாது, இரண்டும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும் என்பதை நான் தெரிந்துகொண்ட கதை இது. ஒரு தளத்துக்குக் கருத்துப் படிவம் அமைத்தபோது, செய்தி 500 எழுத்துகளைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்தேன். மீதமுள்ள எழுத்துகளைக் காட்டும் எண்ணியை உலாவியில் போட்டேன், அதே 500 என்ற எல்லையை சர்வரிலும் எழுதினேன். ஆங்கிலத்தில் சோதித்தபோது குறையே இல்லை. தளம் வெளியானதும், இருபது சொற்களைத் தாண்டி எழுதினால் "செய்தி மிக நீளம்" என்று வருவதாகத் தமிழில் எழுதியவர்கள் முறையிட்டார்கள். எண்ணியோ இன்னும் முந்நூறுக்கு மேல் மிச்சமிருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது. நான் இரண்டு நாள் செருகுநிரலைத் திட்டினேன். தவறு என்னுடையது.

"தமிழ்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு அது மூன்று எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். ஜாவாஸ்கிரிப்ட் அதன் நீளத்தைக் கேட்டால் 5 என்கிறது. அவற்றைக் கணினியில் சேமிக்கும் யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் இடத்தைப் பிடிப்பதால், பைட்டுகளை எண்ணும் பி.எச்.பி.-யின் வழக்கமான செயற்கூறு அதையே 15 என்கிறது. ஆங்கிலத்தில் மூன்று கணக்கும் ஒன்றாகவே வருவதால் பிழை வெளியே தெரியவில்லை. பைட்டுகளுக்குப் பதில் குறியீடுகளை எண்ணும் செயற்கூறு பி.எச்.பி.-யில் தனியாக இருக்கிறது. அதை மாற்றி எழுதியதும் சிக்கல் தீர்ந்தது. தமிழில் இயங்கும் தளத்துக்கு எந்தச் செருகுநிரலைப் போட்டாலும் தமிழிலேயே சோதியுங்கள்.

இரு பக்கமும் பேசிக்கொள்ளும்போது

உண்மையில், இன்று கிடைக்கும் பெரும்பாலான நல்ல செருகுநிரல்கள் ஒரு பக்கத்தோடு நிற்பதில்லை. தேடல் பெட்டியில் தட்டத் தட்டப் பரிந்துரைகள் கீழே விழும் செருகுநிரலில் இரண்டு பாதிகள் உண்டு. உலாவிப் பாதி, நீங்கள் தட்டியதை எடுத்துக்கொண்டு பக்கத்தைப் புதுப்பிக்காமலே சர்வரைக் கேட்கிறது. சர்வர் பாதி, தரவுத்தளத்தில் தேடி, முழுப் பக்கத்தைக் கட்டாமல், ஜேசான் என்ற எளிய வடிவில் விடையை மட்டும் அனுப்புகிறது. இப்படிக் கேட்பதற்கான வசதி 1999-இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 உலாவியிலேயே இருந்தது. 2005-இல் அந்த முறைக்கு அஜாக்ஸ் என்று பெயர் சூட்டப்பட்ட பிறகு அது எங்கும் பரவியது.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. "செருகுநிரல்" என்ற சொல்லை ஒருவர் தட்டும்போது ஒவ்வொரு விசைக்கும் ஒரு கோரிக்கை போனால், ஒரு சொல்லுக்குள் சர்வர் பத்து முறைக்கு மேல் தட்டி எழுப்பப்படும். போதாததற்கு, முதலில் கேட்டதற்கான விடை கடைசியில் வந்து சரியான பட்டியலை அழித்துவிடவும் கூடும். விரல் ஓய்ந்து ஏறத்தாழ 300 மில்லிநொடி ஆன பிறகே கேட்பது என்ற சிறு ஒழுங்கு முதல் சிக்கலைத் தீர்க்கும், பழைய கேள்விக்கான விடையைப் புறந்தள்ளுவது இரண்டாவதைத் தீர்க்கும். செருகுநிரலின் அமைப்புகளில் இந்தக் காத்திருப்பு நேரம் இருக்கிறதா என்று பார்த்தாலே எழுதியவரின் தேர்ச்சி ஓரளவு தெரிந்துவிடும்.

சர்வர் பாதி விடை தரும் முகவரி, தேடல் பெட்டிக்கு மட்டுமே தெரிந்த இரகசியம் அன்று. உலாவியின் நெட்வொர்க் தாவலைத் திறந்தால் யாரும் அதைப் படித்துவிடலாம், நேரடியாக அழைக்கவும் செய்யலாம். எனவே வெளியிடப்படாத வரைவுகளோ உறுப்பினர் விவரங்களோ அந்த வழியாகக் கசியாதபடி, கேட்பவருக்கு உரிமை உண்டா என்பதை சர்வர் ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும். இதே காரணத்தால், வெளிச் சேவைகளுக்கான இரகசியச் சாவிகளை உலாவிப் பக்க நிரலில் எழுதவே கூடாது. கதவைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடும் செயல் அது.

யாருடைய நிரலை உள்ளே விடுகிறோம்

செருகுநிரல் என்பது அடுத்தவர் எழுதிய நிரல். சர்வர் பக்கத்தில் அதற்குக் கிடைக்கும் அதிகாரத்தைப் பலரும் உணர்வதில்லை. வேர்ட்பிரஸில் ஒரு செருகுநிரலை இயக்கியவுடன், தரவுத்தளக் கடவுச்சொல் எழுதப்பட்ட கோப்பு உட்பட, தளம் படிக்கக்கூடிய எல்லாவற்றையும் அதுவும் படிக்கலாம், இடையில் தடுப்புச் சுவர் எதுவும் இல்லை. பொத்தானின் நிறத்தை மாற்றும் செருகுநிரலுக்கும், பணம் வாங்கும் செருகுநிரலுக்கும் அங்கே ஒரே அதிகாரம்தான். எனவே கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, இப்போதைய பதிப்போடு சோதிக்கப்பட்டதா என்று பார்ப்பது சடங்கு அன்று. பயன்படுத்தாத செருகுநிரலை முடக்கி வைப்பதும் போதாது. முடக்கினாலும் அதன் கோப்புகள் சர்வரிலேயே கிடக்கும், அவற்றில் ஓட்டை இருந்தால் நேரடி முகவரி வழியாக எட்ட முடியும். அழித்துவிடுவதே சரி.

உலாவிப் பக்கத்தில் ஆபத்து வேறு வழியில் வருகிறது. பல செருகுநிரல்கள் தமக்கு வேண்டிய ஜாவாஸ்கிரிப்டை வெளியார் சர்வர் ஒன்றிலிருந்து நேராக இறக்குகின்றன. இன்று நல்ல நிரலைத் தரும் அந்த முகவரி நாளை எதைத் தரும் என்பது நம் கையில் இல்லை. பழைய உலாவிகளில் புதிய வசதிகளை இயங்கச் செய்யும் நிரலை இலவசமாகத் தந்துவந்த பாலிஃபில்.ஐஓ என்ற தளம் 2024 பிப்ரவரியில் கைமாறியது. அதே ஆண்டு ஜூனில், அதன் வழியே தீய நிரல் பரப்பப்படுவது வெளிச்சத்துக்கு வந்தபோது, 1,00,000-க்கும் மேற்பட்ட தளங்கள் அதை ஏற்றிக்கொண்டிருந்தன. அந்தத் தளங்களின் சர்வர்களை யாரும் தொடவில்லை, ஒரு வரிகூட அங்கே மாறவில்லை. வெளியிலிருந்து வரும் கோப்பின் கைரேகையை முன்கூட்டியே எழுதிவைத்து, மாறியிருந்தால் ஓடவிடாமல் தடுக்கும் வசதி உலாவிகளில் உண்டு. ஆனால் ஒவ்வோர் உலாவிக்கும் ஏற்ப வேறு வேறு கோப்பைத் தந்த அந்தச் சேவைக்கு ஒரே கைரேகை என்று ஒன்று இருக்க முடியாது என்பதால் அந்தக் காப்பும் உதவியிருக்காது. என்னைக் கேட்டால், கூடுமானவரை கோப்பை இறக்கி நம் சர்வரிலேயே வைத்துக்கொள்வதுதான் நிம்மதி.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாக. சர்வர் பக்கச் செருகுநிரலின் சுமை பக்கம் வரத் தொடங்கும் முன் உள்ள காத்திருப்பாகத் தெரியும், கேஷ் அதைப் பெரிதும் மறைத்துவிடும். உலாவிப் பக்கச் சுமையை எந்தக் கேஷும் முழுதாக மறைக்காது, ஏனெனில் இறக்கிய நிரலை ஒவ்வொரு வாசகரின் கருவியும் தானே ஓட்ட வேண்டும். முதன்மை உள்ளடக்கம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும், தொட்டதற்குப் பதில் 200 மில்லிநொடிக்குள் வர வேண்டும் என்பவை கூகுள் வகுத்துள்ள அளவுகோல்கள். புதிய செருகுநிரலைப் போடுவதற்கு முன்னும் பின்னும் அவற்றை அளந்து பார்ப்பது நல்லது, அதுவும் விலை உயர்ந்த கணினியில் அல்லாமல் சாதாரணக் கைப்பேசியில்.

சோதனையை எப்போதும் தளத்தின் நகல் ஒன்றில் செய்ய வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள், நேரடித் தளத்தில்தான் எல்லாரும் செய்வார்கள். அப்படிச் செய்து தளம் வெற்றுத் திரையாகிவிட்டால் பதற வேண்டாம். சர்வர் பக்கச் செருகுநிரல் ஒன்று ஓட்டத்தின் நடுவே நின்றுவிட்டது என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். 2019-இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் இப்படிப்பட்ட தருணத்தில் நிர்வாகிக்கு மின்னஞ்சலில் மீட்பு இணைப்பு ஒன்றை அனுப்புகிறது. அது வராவிட்டால், கோப்பு மேலாளர் வழியாகச் சென்று அந்தச் செருகுநிரலின் கோப்புறைப் பெயரை மாற்றினால் போதும். தேடிய இடத்தில் அது இல்லாததால் மென்பொருள் அதை விட்டுவிட்டு எழுந்து நிற்கும்.

உங்கள் தளத்தில் எது எங்கே ஓடுகிறது என்பதை இன்றே பார்த்துவிட ஒரு வழி உண்டு. உலாவியின் அமைப்புகளில் ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டுத் தளத்தைத் திறவுங்கள். அப்படியே நிற்பவை சர்வர் கட்டித் தந்தவை, காணாமல் போனவையும் அசைய மறுப்பவையும் உலாவியை நம்பியிருந்தவை. படத்தைத் தொட்டுப் பாருங்கள். விரியாவிட்டாலும் தனிப் பக்கத்திலாவது அந்தப் படம் திறந்தால், அந்தப் படத்தொகுப்பை எழுதியவர் யோசித்து எழுதியிருக்கிறார். பிறகு தொடர்புப் படிவத்துக்குச் சென்று, எதையும் நிரப்பாமல் அனுப்பும் பொத்தானை அழுத்துங்கள். பிழைச் செய்தியோடு பக்கம் திரும்பி வந்தால், சர்வர் சரிபார்க்கிறது என்று பொருள். பொத்தான் அசையாமலே இருந்தால் இந்தச் சோதனை எதையும் சொல்லவில்லை, மேலே சொன்னபடி டெவலப்பர் கருவியால் முயல வேண்டும். பெயரும் செய்தியும் இல்லாத வெற்று மின்னஞ்சல் ஒன்று உங்கள் பெட்டியில் வந்து விழுந்தால், அந்தச் செருகுநிரலை இன்றே மாற்றிவிடுங்கள்.